ஏழுகல் தோடும் ஐரிஷ் மழையும்

“யாரைப் பாத்துத் திருடிங்கறீங்க?”

எழிலரசி போட்ட சத்தம் பிரிட்ஜ்வாட்டரில் நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு ஜோசபின் ஆன்ட்டிக்குக் காதைத் தீட்டிக்கொள்ளும் சிரமம் இல்லை. ஜலஜா வீட்டு சோபாவிலேயே, எல்லார் முகமும் தெரிகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“உன் பேரை நான் சொன்னேனா?” என்றாள் ஜலஜா. “டப்ளின்ல இறங்கும்போது என் தோடு இருந்துச்சு. இங்க அமெரிக்காவுக்கு, நெவார்க் வந்து பாத்தா இல்ல. வேன்ல இருந்தது நான், என் வீட்டுக்காரர், நீ, தேவதாஸ், விஷாகான்னு நாம அஞ்சு பேர். ஆட்டுக்குட்டியா வந்து எடுத்துட்டுப் போச்சு?”

ஏழுகல் வைரத் தோடு. ஜலஜாவுக்கு அவள் அம்மா போட்டது. அயர்லாந்து மழையில் வைரத் தோடு எதற்கு என்று கேட்கக் கூடாது. ஃபோட்டோ இருக்கிறதே! பகலில் காதில், ராத்திரியானால் ஒளித்துவைப்பு. ஒரு ஊரில் சாக்ஸ், மறு ஊரில் மருந்து டப்பா என்று திருடனுக்குப் பயந்து இடத்தை மாற்றிக்கொண்டே போனாள். கடைசியாக வைத்தது மேக்கப் பையில்தான் என்று இப்போது சத்தியம் செய்கிறாள்.

ஆன்ட்டி ஊர் சுற்றப் போகவில்லை. ஜலஜாவின் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கு நன்றியாக ஏர்போர்ட் சாக்லேட்டும், பயணத்தில் மீந்த பருப்புப் பொடி பாட்டிலும் கிடைத்தன. “அயர்லாந்தே சுத்திப் பாத்த பொடி, ஆன்ட்டி!” என்று சிரித்துக்கொண்டே கொடுத்திருந்தாள் ஜலஜா.

அதன் பிறகுதான் தோட்டைத் தேட ஆரம்பித்தாள். தேடியது ஜலஜா, கண்டுபிடித்தது ஆன்ட்டி. தோட்டை அல்ல, ஆளை.

“நீயே யோசிச்சுப் பாரும்மா,” என்றிருந்தார் ஆன்ட்டி. “வேன் யார் கையில இருந்துச்சு?”

வேன் தேவதாஸ் கையில் இருந்தது. அங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வண்டி வேறு. ஊரில் லைசென்ஸ் எடுத்தவர்கள்தான் எல்லாரும். ஆனால் ஜலஜாவின் வீட்டுக்காரர் கியர் என்று நினைத்துக் கதவுக் கைப்பிடியை இழுத்ததும் சாவி தேவதாஸிடம் போய்விட்டது. கால்வே நகரம் தாண்டி ஒரு மணி நேரம் போனபின், “சார்ஜரை ரூம்லயே விட்டுட்டேன்” என்று அவன் வண்டியை நிறுத்தினான். மற்றவர்களை டீ குடிக்க இறக்கிவிட்டான். வழி சொல்ல எழிலரசி கூடப் போனாள். பெட்டிகளும் வேனோடு போயின. திரும்பி வரும்போது சாயங்காலம்.

போதாததற்கு, போன சனிக்கிழமை ஏதோ பாலிஷ் வேலையாக ஐசலின் ஊர் நகைக்கடைக்குப் போன ஆன்ட்டி, அங்கே இந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டார். தராசில் சின்னதாக ஏதோ மின்னியது. ஆன்ட்டியைக் கண்டதும் எழிலரசி அதைக் கைக்குட்டையால் மூடினாள்.

“ஆன்ட்டி கண்ணால பாத்திருக்காங்க,” என்றாள் ஜலஜா. “நகைக்கடையில எதை எடை போட்டீங்க? சொல்றியா, போலீஸ்ல கம்ப்ளெயின்ட் பண்ணட்டுமா?”

எழிலரசியின் குரல் சட்டென்று இறங்கியது. “அக்கா, என் கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க.”

“பாத்தியா, பயப்படறா,” என்று ஆன்ட்டி மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

அதுவரை கதவோரம் நின்ற தேவதாஸ், பாக்கெட்டிலிருந்து ஒரு சிவப்பு டப்பாவை எடுத்து மேஜைமேல் திறந்து வைத்தான். உள்ளே சிலுவை வைத்த குட்டித் தாலி.

“சார்ஜர் என் பாக்கெட்லயேதான் இருந்துச்சு,” என்றான். “இவகிட்ட கேக்கறதுக்கு ஒரு இடம் வேணாமாக்கா? வேன்ல எங்க கேக்க? பின்னாடி விஷாகா குறட்டை. பக்கத்துல உங்க வீட்டுக்காரர் ‘லெஃப்ட், லெஃப்ட்’னு அலறல்.”

“கரூர்ல அப்பாகிட்ட இன்னும் சொல்லல,” என்றாள் எழிலரசி. “ஆன்ட்டி கண்ல பட்டா சாயங்காலமே கரூர் போயிடும்னுதான் மூடினேன்.”

எல்லாத் தலைகளும் சோபா மூலைக்குத் திரும்பின.

“நல்லதுக்குத்தானே சொன்னேன்,” என்றார் ஆன்ட்டி. “அடுப்புல பால் வச்சது மறந்தே போச்சு,” என்று எழுந்தும் போய்விட்டார்.

ஜலஜா அழுதாள், எழிலரசியைக் கட்டிக்கொண்டாள், கல்யாணப் புடவை தன் செலவு என்றாள். தோடு ஏதோ ஐரிஷ் புல்வெளியில் விழுந்துவிட்டதென்று முடிவாயிற்று. விழக் காரணம் வீட்டுக்காரர் போட்ட ‘லெஃப்ட், லெஃப்ட்’ அலறல் என்றும் கூடவே முடிவாயிற்று.

கல்யாணம் நடந்தது. கரூர் அப்பா முறைத்துக்கொண்டே வந்து, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். விஷாகா மண்டபத்திலும் தூங்கினாள். தேவதாஸும் எழிலரசியும் ஜெர்சி சிட்டிக்குக் குடிபோனார்கள். அங்கே ட்ரெயின் இருக்கிறது, இனி வேன் ஓட்ட வேண்டியதில்லை.

ஜோசபின் ஆன்ட்டி மட்டும் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குள் வீட்டை விற்றுவிட்டு, டாலஸில் மகள் ஜெபினா வீட்டோடு போய்விட்டார். “பாவம், வெக்கம்,” என்றது பிரிட்ஜ்வாட்டர்.

டாலஸ் சர்ச்சில் ஆன்ட்டியின் காதில் இப்போது ஒரு ஏழுகல் வைரத் தோடு மின்னுகிறதாம். மகள் வாங்கிக் கொடுத்தது என்கிறாராம். ஐசலினில் அவ்வளவு பாலிஷ் போட்டும், கிட்டே போனால் லேசாகப் பருப்புப் பொடி வாசனை வருகிறதாம்.