அடுத்தது

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இயந்திரத்தின் நினைவகத்திலேயே ஒவ்வொரு கட்டளையாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. ஒன்றைப் பிரித்ததும், மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா எழுதிக் கொடுத்த ஃபங்ஷன் என்ற சிறு நிரல்துண்டைக் கூப்பிடும். அவள் விசையைத் தட்டி ‘அடுத்தது’ என்று பதில் சொல்லும்வரை, எதிர்முனையில் இருக்கும் வென்டிலேட்டர், அந்தச் செயற்கை மூச்சுக் கருவி, அப்படியே நிற்கும். ‘போதும், விட்டுவிடு’ என்கிற பதிலை அவள் எழுதவே இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் சோதனை இயந்திரம்தானே, வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று விட்டிருந்தாள்.

புரியாத கட்டளை ஒன்று வந்து நின்றது. அதையே பார்த்தபடி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, உடன் வேலை செய்யும் வடிவேலன் உள்ளே வந்தான்.

“எந்த மெஷின் மேடம் இது?”

“டெஸ்ட் மெஷின்தான்.”

“அத நேத்தே சர்வீசுக்கு அனுப்பிட்டோமே. பக்கத்து ரூம் காலியாத்தான இருக்கு?”

திரையின் மூலையிலிருந்த, இணைந்திருக்கும் இயந்திரத்தின் நெட்வொர்க் முகவரியை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கடைசி எண் ஒன்று தள்ளியிருந்தது. அது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், யாருடைய படுக்கையருகிலோ இருப்பது.

தலைக்கு மேலே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பலர் ஓடினார்கள்.

“வடிவேல், ஓடு! கையால மூச்சு குடுக்கச் சொல்லு!”

அவன் ஓடினான். அவள் விசையைத் தட்டினாள். ஒரு கட்டளை நகர்ந்து, அடுத்தது வந்து அவளுக்காகக் காத்து நின்றது. மறுபடி தட்டினாள். ஒரு மூச்சை உள்ளே தள்ள எத்தனை லட்சம் கட்டளைகள் வேண்டும் என்பது அந்தக் கட்டடத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தட்டிக்கொண்டே இருந்தாள்.