மூன்றாவது பேட்டரி

“நாலு மாசத்துல இது மூணாவது பேட்டரி. கார் லைட்டை அணைக்காம விட்டுட்டு வந்துடறா. மூளையில ஏதோ கோளாறு,” என்றான் கர்ட்டிஸ், மனைவி ஜனெல்லின் காதுபடவே.

ஜனெல் தலை குனிந்தாள். “அணைச்ச மாதிரிதான் ஞாபகம். மறதிக்கு டாக்டரைப் பாக்கப் போறேன்,” என்று மெக்கானிக் லோர்னாவிடம் மெல்லச் சொல்லிவிட்டு, வரவேற்பறையில் போய் உட்கார்ந்தாள். கனடாவின் சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பது டிகிரி குளிர்.

லோர்னா இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தாள். பதினாலு வோல்ட். ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாகவே சார்ஜ் செய்தது. ஆனால் இன்ஜினையும் விளக்குகளையும் அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து கரண்ட் கசிந்துகொண்டே இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆறாவதில் கசிவு நின்றது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

“லைட்டும் இல்ல, மறதியும் இல்ல கர்ட்டிஸ். இது ஜி.பி.எஸ். டிராக்கர். உன் பொண்டாட்டி எங்க போறா, எங்க நிக்கிறான்னு எவனோ வேவு பாக்குறான். ராப்பகலா பேட்டரியை உறிஞ்சுறது இதுதான். சீ, என்ன ஜென்மமோ! போலீஸைக் கூப்பிடவா?”

கர்ட்டிஸ் வரவேற்பறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

“கழட்டிடாத. பேட்டரி இறங்காத மாதிரி மாத்தி மாட்டிக் குடு, போதும்.”

லோர்னா பெட்டியை வயரோடு பிய்த்தெடுத்தாள். அவனைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள்.

“ஜனெல், உனக்கு ஒண்ணும் ஆகல. எழுந்து வா, இதைப் பாரு.”