நாலே சதவீதம்

"ஈரல் குடுக்கப் போறவன் செய்யற வேலையாடா இது?"

கென்ட் நகர ஆஸ்பத்திரி முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி ஸ்டாஃப் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். வாய் நிறைந்திருந்தது. கையில் வறுவல் கடையின் பெரிய காகிதக் கூம்பு; அதன் மேல் வெள்ளையாக ஒரு குன்று.

அண்ணன் லீவன் சைக்கிள் பந்தயக்காரன். பன்னிரண்டு வருடமாக உருளைக்கிழங்கு வறுவலைத் தொட்டதில்லை; அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. அவன் ரத்த வகை அக்காவுக்கு ஒத்துவரவில்லை. அந்த வருத்தத்தை அவன் ரொம்பத் தெம்பாகச் சொல்வான்.

"பத்து வாரம் முன்னாடி டாக்டர் என்ன சொன்னாங்க? உன் ஈரல்ல இருபது சதவீதம் கொழுப்பு. பத்துக்குக் கீழே இறங்கினாத்தான் அக்காவுக்கு எடுக்க முடியும்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"இன்னிக்கு ரிசல்ட். இன்னிக்குமா மயோனைஸ்?"

"பசிக்குதே அண்ணே."

சொல்லிவிட்டு, ஸ்டாஃப் மூன்றாம் மாடி ஜன்னலை நோக்கிக் கூம்பை உயர்த்திக் காட்டினான். அங்கிருந்து அக்கா ரோஸ் மெலிந்த கையை ஆட்டினாள்.

"அவ கண் முன்னாடியேவா! மனுஷனாடா நீ?"

"உனக்கும் ஒண்ணு தருவேன். நீதான் தொடமாட்டியே" என்று கூம்பை மார்போடு அணைத்துக்கொண்டான் ஸ்டாஃப்.

டாக்டர் ஹைலன் அறையில், திரை முழுக்க ஸ்டாஃபின் ஈரல் திசு. இளஞ்சிவப்பு நிறம், நடுநடுவே கொழுப்பின் வெள்ளை வட்டங்கள். டாக்டர் ஸ்டாஃபின் தொப்பையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"கண்ணளவுக்கு ஒரு பதினஞ்சு சொல்லலாம்."

ஸ்டாஃப் முகம் வெளுத்தது. "பதினஞ்சா? டாக்டர், அவளுக்கு வேற ஆள் இல்லையே..."

"வறுவலைத் தின்னும்போது அது தெரியலையா?" என்றான் லீவன்.

"இருங்க, கம்ப்யூட்டர் இன்னும் எண்ணலையே."

டாக்டர் ஒரு பொத்தானைத் தட்டினார். வெள்ளை வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மூலையில் எண் வந்தது.

நாலு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றான் லீவன் உடனே.

டாக்டர் இன்னொரு துண்டை வைத்து எண்ணவைத்தார். அதுவும் நாலு.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. வெள்ளையைப் பார்த்தா நம்ம கண்ணு எப்பவும் கூட்டித்தான் சொல்லும். அதுவும் நான் இவரு தொப்பையை வேற பார்த்துட்டேன். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது."

"தொப்பை அப்படியேதானே இருக்கு?"

"அது நிதானமா இறங்கும். ஈரல்தான் முதல்ல இளைக்கும்" என்ற டாக்டர் ஸ்டாஃபைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டாஃப் அவசரமாகக் கூரையைப் பார்த்தான்.

முற்றத்துக்கு வந்ததும் லீவனால் பொறுக்க முடியவில்லை.

"கொழுப்பைக் கரைக்கிற வறுவல் எந்த ஊர்லடா விக்குது?" என்று கூம்பைப் பிடுங்கி, ஒன்றை எடுத்துக் கடித்தான்.

மொறுமொறுவென்று உடைந்தது. வறுவல் இல்லை, பச்சை நூல்கோல், நீளநீளமாக நறுக்கியது. வெள்ளைக் குன்றை நக்கிப் பார்த்தான். வெறும் தயிர்.

"பத்து வாரமா இதையாடா..."

"கத்தாதே. தனக்காக எவனாவது வாயைக் கட்டினா ஆபரேஷனே வேண்டாம்னு அக்கா சொல்லியிருக்கா. முதல் டெஸ்ட்லயே பாஸ்னு சொல்லி வச்சிருக்கேன். தினமும் ஜன்னல்லேருந்து சோதிக்கிறா."

லீவன் மேலே பார்த்தான். ரோஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கொஞ்சம் சந்தேகமாக.

பன்னிரண்டு வருடம் வறுவலைத் தொடாத லீவன், தம்பி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான். கூம்பிலிருந்து இன்னொன்றை எடுத்து, வெள்ளையில் நன்றாகத் தோய்த்து, மூன்றாம் மாடிக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டி, கண்ணை மூடி ரசித்து மென்றான்.

"உப்பு கம்மிடா" என்றான்.