இரண்டு வருட இடைவெளி

கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் சட்டென்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, கைப்பேசியை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நேர்காணலுக்கு வந்திருந்தவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் பலகையில் அவர் கொடுத்த மூன்று கணக்குகளையும் தடுமாறாமல் போட்டு முடித்திருந்தாள். "பரவாயில்லையே" என்று அவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் முதுகலை, முதலாம் ஆண்டு. விடுமுறை மூன்று மாதத்துக்கு சிஸ்டம்ஸ் பிரிவில் ஒரு இன்டர்ன்ஷிப் வேண்டும். திரையில் பளபளக்கிற எதுவும் அவளுக்குத் தேவையில்லை. டிஸ்க்கில் தகவல் எப்படிப் பதிகிறது, எப்படி அழிகிறது என்று பார்க்கிற வேலைதான் வேண்டும். பதினேழு இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். இது பதினெட்டாவது.

சிரித்த கையோடு அவர் சுயவிவரத் தாளில் விரலை வைத்தார். "இங்க ரெண்டு வருஷம் காலியா இருக்கே. அதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியில சர்வரைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. ஏன் விட்டீங்க?"

இதற்கு அம்மா பதிலைத் தைத்தே கொடுத்து அனுப்பியிருந்தாள். அம்மா தையல்காரி. எந்தக் கிழிசலையும் வெளியே தெரியாமல் மூடிவிடுவாள். "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. உண்மையைச் சொல்லி எவன்டி வேலை வாங்கியிருக்கான்?"

பதினேழு இடத்திலும் அப்படித்தான் சொன்னாள். சொன்ன பொய் தொண்டையில் முள்ளாக நிற்கும். அதற்குப் பிறகு கேட்கிற கேள்விக்கெல்லாம் உளறிக் கொட்டுவாள்.

இன்று என்ன தோன்றியதோ, "நானா விடல சார், அனுப்பிட்டாங்க" என்றாள். "சர்வர்ல இருந்த டிஸ்க்குக்கு, அதைச் செஞ்ச கம்பெனியிலிருந்து ஒரு அப்டேட் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்காதேன்னு அன்னிக்கு அதை ஏத்தினேன். நோயாளிங்க ரெக்கார்டு மொத்தமும் அழிஞ்சுபோச்சு."

அதைக் கேட்டதும்தான் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இப்போது எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

"மதியம் ரெண்டு மணி இருக்குமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரத்தைப் பற்றி அவள் மூச்சே விடவில்லையே!

"ரெண்டு பத்து சார்."

"தனியா எடுத்து வச்சிருந்த ரெக்கார்டு காப்பியும் சேர்ந்து போயிருக்குமே?"

"ஆமா சார். ரெண்டும் ஒரே நேரத்துல..." பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வார்டுல ஒரு பெரியவர் இருந்தார். எந்த ஊசி அவருக்கு ஒத்துக்காதுன்னு அந்த ரெக்கார்டுலதான் இருந்துச்சு. தெரியாம அதையே போட்டுட்டாங்க. அப்புறம் அவர்..."

"பதினோரு நாள் ஐ.சி.யூ.வுல கிடந்து பிழைச்சார்" என்று அவரே முடித்தார்.

அறைக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு ஆளைத் தவிர வேறு யாருக்கு இத்தனை நாள் கணக்குத் தெரியும்?

அந்தப் பெரியவரின் மகன்! அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான்கு பேர் பிடித்தும் அடங்காமல், "உன்னை எங்க பார்த்தாலும் விடமாட்டேன்!" என்று கத்தியவன். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அந்தக் கத்தல் மட்டும் பிறகு எத்தனையோ நாள் கனவில் வந்தது.

பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

"விசாரணையில என்ன சொன்னாங்க?" அவர் குரல் கரகரத்தது.

"நான்தான் ஏதோ தப்பான கீயை அழுத்திட்டேன்னு. ஆமான்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டுட்டேன்." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அழுகையோடு எல்லாம் கொட்டியது. "ரெண்டு வருஷம் வீட்டைத் தாண்டல சார். ஆனா எங்க தப்புப் பண்ணினேன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல. அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுபடி படிக்கவே வந்தேன்."

அவர் மறுபடி எழுந்தார். மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒண்டினாள். நாற்காலி சாய்ந்து விழுந்த சத்தத்தில் வெளியே யாரோ, "சார், என்ன ஆச்சு?" என்று குரல் கொடுத்தார்கள். "ஒண்ணுமில்ல" என்றார் அவர், கதவைத் திரும்பிப் பார்க்காமலே.

"சார்... நீங்க... அந்தப் பெரியவரோட மகனா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். அதன் முதுகைப் பிடித்தபடியே நின்றார்.

"அவரை நான் பார்த்ததுகூட இல்ல. அப்ப நான் அந்த டிஸ்க் கம்பெனியில வேலை பார்த்தேன். நடந்தது எல்லாம் ஒரு தாள்ல எழுதி ஆஸ்பத்திரியிலிருந்து எங்ககிட்ட வந்துச்சு. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன்." அவர் கண்கள் தரையை விட்டு நிமிரவில்லை. "நீங்க எந்தத் தப்பான கீயையும் அழுத்தலம்மா."

"அப்புறம் எப்படி சார்...?"

"அந்த அப்டேட்டை எழுதினது நான்தான்."