நாலு மில்லிமீட்டர் மழை

கடல் அந்த ஊரைப் பொத்திப் பொத்தி வளர்த்தது. வெயில் சுட்டதில்லை, குளிர் நடுக்கியதில்லை. மழைகூட எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகும். வானிலை நிலையத்தில் தனியாளாக வேலை பார்த்த சிலுவைமுத்துவுக்கு அதுவே வினையாகிப் போனது. தினமும் காலை எட்டரைக்கு அளவுகளைக் குறித்து, தலைமை அலுவலகத்துப் பூங்கோதைக்குப் போனில் சொல்ல வேண்டும்.

"நேத்து மாதிரிதானா அண்ணாச்சி?" என்பாள்.

"அதேதாம்மா" என்பார்.

அவ்வளவுதான், போனை வைத்துவிடுவாள். மனைவி இறந்த பிறகு, மறுநாள் எட்டரை வரை அவருக்குப் பேச வேறு ஆள் கிடையாது.

ஒருநாள் காலையில் செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை மழைமானிக்குள் ஊற்றினார். இருபது வருஷத்தில் அளக்காத ஒன்றை அவர் சொன்னதே இல்லை. அதனால் ஊற்றியதை அளவுக் குவளையில் கவிழ்த்து, கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு தரம் பார்த்தார்.

"மழை நாலு மில்லிமீட்டர்ம்மா."

"மழையா! எப்போ பெஞ்சுது?"

விடியற்காலையில் கொல்லைத் தகரத்தில் முதல் துளி விழுந்ததிலிருந்து சொன்னார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. மறுநாளும் ஊற்றினார், அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் பூங்கோதை, "அண்ணாச்சி, சாட்டிலைட் படத்துல உங்க ஊர் மேல மேகமே இல்லியே" என்றாள்.

கையிலிருந்த குவளையைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"ரிப்போர்ட்ல மூணு நாளாவே மழை இல்லன்னுதான் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "நீங்க சொல்லுங்க. இன்னைக்கு எப்போ ஆரம்பிச்சுது?"