பத்தில் நிற்காத மணிக்கட்டு

மிருதங்கக்காரர் வாஞ்சிநாதனின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கச்சேரிக்கு ஒரு வாரம்தான். பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா, "பத்து தடவை மடக்கி நீட்டுங்க, போதும்" என்றாள். அவர் நாற்பது வரை போனார்.

"பத்துன்னுதானே சொன்னேன்?"

"ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கைம்மா. பத்துல நிறுத்தினா அந்தரத்துல தொங்கும். நாப்பதுலதான் ரெண்டும் ஒண்ணா முடியுது."

மறுநாள் வீக்கம் முழங்கை வரை ஏறியிருந்தது. ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டில் பத்தை அடித்து எட்டு என்று எழுதினாள். அவர் முகம் மலர்ந்தது.

"எட்டு சரி. தாளம் எந்த நடையில? தகதிமின்னு நாலு நாலாவா, தகிடன்னு மூணு மூணாவா?"

நடை என்ற ஒரு சொல்தான் அவளுக்குப் புரிந்தது.

"நடக்கவே வேணாம் சார். உக்காந்தே செய்யுங்க."