புரொபசர் சொன்னால் சரி

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், செபஸ்தியான் தான் கட்டிய டெஸ்லா சுருளை முடுக்கினான். முழ நீளத்துக்கு மின்னல் பாய்ந்தது.

“ஏங்க, யாராவது செத்துத் தொலையப் போறாங்க. முதல்ல எர்த் வயர் போடுங்க,” என்றாள் மனைவி ஆக்னஸ்.

“உனக்கென்ன தெரியும்? சமையலப் போய் பாரு லா.”

மறுநாள் மாலை, டெலிபோன் வழியாகக் கணினியில் வரும் புல்லட்டின் போர்டில், புரொபசர் என்ற முகமறியாத நிபுணர் எழுதியதைப் படித்தவன் துள்ளினான்.

“பாத்தியா? புரொபசர் எழுதிட்டாரு. எர்த் வயர் இல்லாம சுவிட்சையே தொடக்கூடாதாம். மூளைன்னா இது!”

உடனே தரையில் மண்டியிட்டு வயர் பூட்டிய கணவனை அவள் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் ஆபீஸ் கணினியில், அதே புல்லட்டின் போர்டுக்குள் வழக்கம்போல் புரொபசர் என்ற பெயரில் நுழைந்த ஆக்னஸ், புதிய பாடத்தைத் தட்டினாள்:

‘வீட்டுக் கூடத்தில் சுருள் வைப்பவன் கழுதை.’